விளையாட மறுக்கும் குழந்தை: வற்புறுத்துவதற்கு முன் விசாரிப்போம்

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், சீவலப்பேரியிலிருந்து ஒரு தாய் தம் பதினோரு வயது மகனை எங்கள் குழந்தைகள் நலப் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வந்தார். காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. அவர் கேட்டது மருந்தன்று, ஒரு சான்றிதழ்.

"டாக்டர், இவன் எந்த வெளையாட்டுக்கும் போக மாட்டேங்கான். பி.டி. சார் சத்தம் போடுதாரு. ஒடம்புக்கு முடியலன்னு ஒரு சர்டிபிகேட் எழுதிக் குடுத்துருங்க" என்றார்.

தந்தையின் கருத்து வேறு. சோம்பேறித்தனத்துக்குச் சான்றிதழ் எதற்கு, இரண்டு அடி கொடுத்தால் தானே ஓடுவான் என்றார். உடன் வந்திருந்த ஆச்சியோ, பையனுக்கு நெஞ்சுச் சளி உண்டு, அவனை ஓடவே விடக்கூடாது என்றார். மூவரும் பேசி முடித்த பின்னரே, எவரும் அச்சிறுவனிடம் ஒன்றும் கேட்கவில்லை என்பதை நாங்கள் கவனித்தோம்.

இக்கட்டுரை அவனைப் போன்ற குழந்தைகளின் பெற்றோருக்காக எழுதப்படுகிறது. குழந்தைகளின் அடையாளம் வெளிப்படாதவாறு சில விவரங்களை மாற்றியுள்ளோம்.

நாங்கள் செய்த ஒரு தவறு

விளையாட்டிலிருந்து விலக்குக் கோரும் சான்றிதழை முன்பெல்லாம் நாங்களும் எளிதாக எழுதிக் கொடுத்ததுண்டு. பல ஆண்டுகளுக்கு முன், 'எனக்கு விளையாடப் பிடிக்கவில்லை' என்ற ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு, ஓராண்டு விலக்கு அளித்துக் கையொப்பமிட்டோம். அடுத்த ஆண்டு அச்சான்றிதழைப் புதுப்பிக்க வந்தபோதுதான் அவளுடைய கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தோம், வெளிறியிருந்தது. இரத்தத்தைச் சோதித்தபோது ஹீமோகுளோபின் 8 கிராமுக்கும் குறைவாக இருந்தது. அந்த ஓராண்டு முழுவதும் அச்சிறுமி இரத்தசோகையோடு பள்ளிப் படிக்கட்டுகளை ஏறி இறங்கியிருக்கிறாள். 'பிடிக்கவில்லை' என்று அவள் சொன்னதன் பொருள் 'என்னால் முடியவில்லை' என்பதாகும். எங்கள் கையொப்பம் அவளுடைய நோயை ஓராண்டு மறைத்து வைத்துவிட்டது.

அன்று கற்ற பாடத்தையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம். விளையாட மறுப்பது ஒரு குணக்கேடு அன்று. அது ஓர் அறிகுறி. இருமலுக்குக் காரணம் தேடுவது போலவே இதற்கும் காரணம் தேட வேண்டும். காரணம் அறியாமல் அடித்து விரட்டுவதும் தவறு. காரணம் அறியாமல் விலக்கு அளித்து உட்கார வைப்பதும் தவறு.

ஏன் இதைப் பொருட்படுத்த வேண்டும்?

5 முதல் 17 வயது வரையுள்ள குழந்தைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களாவது, மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் கூறுகிறது. அவற்றுள் வாரத்தில் மூன்று நாள்களேனும், தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் தீவிரமான இயக்கம் வேண்டும். அறுபது நிமிடங்களும் ஒரே தொடர்ச்சியாக அமைய வேண்டியதில்லை. ஆயினும் உலகெங்கும் 11 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 100 பேரில் ஏறத்தாழ 81 பேர் இந்த அளவை எட்டுவதில்லை என்பது அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்கு. ஆண்களைவிடப் பெண்கள் மேலும் பின்தங்கியிருந்தனர்.

எலும்பின் உறுதி பெரும்பாலும் வளரிளம் பருவத்திலேயே சேமிக்கப்படுகிறது. நல்லுறக்கம், சீரான எடை, தெளிவான மனம் ஆகியவற்றுக்கும் உடலியக்கம் துணை செய்கிறது. குழுவாக ஆடும்போது, முறைக்காகக் காத்திருத்தல், தோல்வியைத் தாங்குதல், பிறரை நம்புதல் ஆகியவற்றையும் குழந்தை கற்கிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். உடலுக்குக் கட்டாயத் தேவை இயக்கமேயன்றிக் கபடியோ கிரிக்கெட்டோ அன்று. குழு விளையாட்டு நல்ல வழிகளுள் ஒன்று. ஒரே வழி அன்று.

முதற்கேள்வி: உடல் மறுக்கிறதா?

சீவலப்பேரிச் சிறுவனிடம் நாங்கள் கேட்டது இதுதான்: "ஓடத் தொடங்கியதும் என்ன ஆகிறது?" சற்று நேரம் கழித்து அவன் சொன்னான்: "ஓடும்போது ஒண்ணும் இல்ல. நின்ன பெறகு நெஞ்சு கட்டுது. இருமல் வருது. பசங்க சிரிக்காங்க."

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஆறு நிமிடங்கள் அவனை ஓடச் செய்தோம். ஓடுமுன்னும், ஓடிய பின் சில நிமிட இடைவெளிகளிலும், பீக் ஃப்ளோ மீட்டர் என்னும் ஊதுகருவியில் ஊதச் செய்து அளந்தோம். ஓடிய பின் அளவு தெளிவாகக் குறைந்தது; மூச்சில் இளைப்பொலியும் கேட்டது. இரவில் இருமல் உண்டா என்று கேட்டபோது, விடியற்காலையில் இருமுவான் என்றார் ஆச்சி. மக்கள் 'வீசிங்' என்று வழங்கும் ஆஸ்துமா அவனுக்கு இருந்தது. ஆச்சி கண்டது சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் சரியன்று. ஆஸ்துமா உள்ள குழந்தை ஓடக்கூடாது என்பதில்லை; உரிய சிகிச்சை பெற்று ஓட வேண்டும்.

விளையாட மறுக்கும் குழந்தைகளிடம் நாங்கள் தேடிப் பார்க்கும் உடற்காரணங்களுள் முக்கியமானவை பின்வருவன.

ஆஸ்துமா: ஓட்டம் முடிந்த 5 முதல் 15 நிமிடங்களுக்குள் இருமல், நெஞ்சு இறுக்கம், இளைப்பு மிகுதியாகும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அது தணிந்துவிடுவதால், வீட்டுக்கு வரும்போது குழந்தை நலமாகவே தோன்றும், பெற்றோருக்குத் தெரிவதில்லை. இன்ஹேலர் எடுத்தால் பழகிவிடும் என்னும் அச்சம் நம் பகுதியில் பரவலாக உள்ளது. அது உண்மையன்று. மருந்து நேரடியாக மூச்சுக்குழாய்க்குச் செல்வதால், மாத்திரையையும் சிரப்பையும்விட மிகக் குறைந்த அளவே போதுமானது.

இரத்தசோகை: விரைவில் களைப்பு, மாடி ஏறும்போது மூச்சு வாங்குதல், தலைசுற்றல், மண் அல்லது அரிசி தின்னும் ஆசை ஆகியவை இதன் அடையாளங்கள். 2019-21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 100 பேரில் ஏறத்தாழ 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நல்ல உணவுகள். ஆனால் இரத்தசோகை வந்த பின் உணவு மட்டும் போதாது. மருத்துவர் சொல்லும் காலம் வரை இரும்புச்சத்து மாத்திரையும், குடற்புழு நீக்க மருந்தும் தேவை. மாத்திரையோடு தேநீர் பருகினால் இரும்பு உடலில் சேர்வது குறையும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதற்குத் துணை செய்யும்.

பார்வையும் செவியும்: தன்னை நோக்கி வரும் பந்தைக் கடைசி நொடியில் மட்டுமே காணும் குழந்தை பந்துக்கு அஞ்சுவது இயல்பு. தொலைக்காட்சிக்கு மிக அருகில் அமர்தல், கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தல், அடிக்கடி பந்தைத் தவறவிடுதல் ஆகியவை இருந்தால் கண் பரிசோதனை செய்யுங்கள். பின்னிருந்து அழைத்தால் திரும்பாத குழந்தைக்குச் செவிப் பரிசோதனை தேவை.

மூட்டும் காலும்: நொண்டி நடத்தல், காலையில் மூட்டு விறைத்திருத்தல், மூட்டு வீக்கம் ஆகியவற்றை 'வளரும் வலி' என்று ஒதுக்கிவிடாதீர்கள். தொண்டைவலிக்குச் சில வாரங்கள் கழித்து மூட்டுகள் மாறி மாறி வீங்கினால், அது இதயத்தைப் பாதிக்கும் வாதக்காய்ச்சலாக இருக்கலாம்.

பள்ளிகளுக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசு மருத்துவக் குழுக்கள், 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் இயங்குகின்றன. அக்குழுவினர் எழுதிக் கொடுக்கும் பரிந்துரைச் சீட்டைப் புத்தகப்பையில் மறந்துவிடாமல், மருத்துவரிடம் கொண்டு வாருங்கள்.

இரண்டாம் கேள்வி: கையும் காலும் பழகவில்லையா?

சில குழந்தைகளுக்கு நோய் இராது. ஆனால் பந்தைப் பிடிக்க வராது, தாண்டினால் விழுவர். பெரும்பாலோர்க்கு இது பழக்கமின்மையே. தெருவில் கிட்டிப்புள்ளும் பாண்டியும் ஆடி வளர்ந்த தலைமுறைக்கு இக்கை-கால் பழக்கம் தானாக வந்தது. கைபேசியோடு வளரும் குழந்தைக்கு அதை நாம் கற்பிக்க வேண்டியுள்ளது.

ஆனால் பள்ளி வயதுக் குழந்தைகளில் 100 பேரில் 5 அல்லது 6 பேருக்கு, அசைவுகளை ஒருங்கிணைக்கும் ஆற்றலே வளர்ச்சியில் பின்தங்கியிருக்கும். சட்டைப் பொத்தான் போடுதல், காலணிக் கயிறு கட்டுதல், மிதிவண்டி ஓட்டுதல், எழுதுதல் என எல்லாவற்றிலும் அவர்கள் தடுமாறுவர். அறிவில் குறையிராது. 'கவனமில்லாதவன்' என்னும் வசையை நாள்தோறும் கேட்பவர்கள் இவர்களே. இயன்முறை மருத்துவரும் செயல்முறைப் பயிற்சியாளரும் ஒவ்வோர் அசைவையும் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கற்பித்தால் நல்ல முன்னேற்றம் காணலாம். வயது முதிர்ந்தால் தானே சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

மூன்றாம் கேள்வி: மனம் மறுக்கிறதா?

ஆள் பிரிக்கும்போது இரு தலைவர்களும் மாறி மாறித் தம் விருப்பம்போல் அழைத்துக்கொள்வார்கள். கடைசியில் ஒருவன் எஞ்சுவான். "சரி, இவன் ஒப்புக்குச் சப்பாணி" என்று யாரோ சொல்வார்கள். நமக்கு அது வேடிக்கைச் சொல். அச்சொல்லை வாரந்தோறும் கேட்கும் குழந்தைக்கு அது வேடிக்கையன்று. உடற்குறையுடையோரை இழித்துரைக்கும் அச்சொல்லை வீட்டிலும் பள்ளியிலும் நாம் கைவிடுவதே நன்று.

கேலிக்கு அஞ்சும் குழந்தை 'எனக்கு அவமானமாக இருக்கிறது' என்று சொல்வதில்லை. 'வயிறு வலிக்கிறது' என்கிறது. விளையாட்டு வகுப்பு உள்ள நாள்களில் மட்டும் காலையில் வயிற்றுவலி வந்து விடுமுறை நாள்களில் வராதிருந்தால், அதைக் குறித்து வாருங்கள். அவ்வலி நடிப்பன்று, மனப்பதற்றம் குடலில் உண்மையான வலியைத் தரவல்லது. கூச்சலையும் நெருக்கத்தையும் தாங்க இயலாத குழந்தைகளும் உண்டு. பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாமை, ஒத்த வயதினரோடு பழகுவதில் தொடர்ந்த சிரமம் ஆகியவை உடனிருந்தால், வளர்ச்சி நிலையையும் மதிப்பிட வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சுமையும் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியில் பிறந்த கணேசன், 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர். 1995ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்றவர். கோவில்பட்டி ஹாக்கிக்குப் பெயர் பெற்றது. இப்பெருமைகள் நமக்கு உரியவையே. ஆனால் 'நம்ம ஊர்ப் பையன் கபடி ஆடாமல் இருப்பதா?' என்னும் கேள்வி பத்து வயதுச் சிறுவனின் தோளில் ஏறும்போது, விளையாட்டு அவனுக்குத் தேர்வுக்கூடம் ஆகிவிடுகிறது.

நான்காம் கேள்வி: அஞ்சுவது குழந்தையா, நாமா?

இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட குழந்தை, இன்சுலின் ஊசி போடும் குழந்தை, வலிப்பு நோய்க்கு மருந்து உண்ணும் குழந்தை ஆகியோரின் பெற்றோர் எங்களிடம் மெல்லிய குரலில் கேட்பதுண்டு: "ஓடினால் ஏதாவது ஆகிவிடுமா?" இவ்வச்சம் அன்பிலிருந்து பிறப்பது, நாங்கள் அதனை மதிக்கிறோம். ஆயினும் இக்குழந்தைகளில் பெரும்பாலோர், மருத்துவர் வகுக்கும் எல்லைக்குள் விளையாடலாம், விளையாடவும் வேண்டும். சர்க்கரை நோயுள்ள குழந்தை விளையாட்டுக்கு முன் சர்க்கரை அளவைப் பார்த்து, குளுக்கோஸைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். வலிப்பு நோயுள்ள குழந்தை தனியாக நீரில் இறங்குவதும் உயரத்தில் ஏறுவதும் கூடாது. தரையில் ஆடும் ஆட்டங்களுள் பெரும்பாலானவற்றுக்குத் தடையில்லை.

வாசிம் அக்ரம் 1997இல் தமக்கு நீரிழிவு இருப்பதை அறிந்த பின்னரும் 2003 வரை பாகிஸ்தான் அணிக்குப் பந்து வீசினார். 1961இல் கார் விபத்தில் வலக்கண் பார்வையை இழந்த மன்சூர் அலி கான் பட்டோடி, அடுத்த ஆண்டே தம் 21ஆம் வயதில் இந்திய அணியின் தலைவரானார். ஒரு செவியில் கேட்கும் திறனில்லாத சென்னை வாஷிங்டன் சுந்தர், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியா வென்ற டெஸ்டில் அறிமுகமாகி 62 ஓட்டங்கள் எடுத்தார். உங்கள் குழந்தையும் இவர்களைப் போலாக வேண்டும் என்பதற்காக இவர்களைச் சொல்லவில்லை; நோயின் பெயர் ஒன்றே ஒரு குழந்தையை உட்கார வைத்துவிடப் போதுமான காரணமன்று என்பதற்காகவே சொல்கிறோம்.

பூப்பெய்திய பின் மைதானத்தை விட்டு நீங்கும் பெண் குழந்தைகளைத் தனியே குறிப்பிட வேண்டும். மாதவிடாய் நாள்களில் விளையாடுவதால் கருப்பைக்குத் தீங்கு எதுவும் நேராது. கறை படியுமோ என்னும் அச்சம், மாற்றுவதற்கு இடமின்மை, பார்ப்போரின் பேச்சு ஆகியவையே அவர்களை நிறுத்துகின்றன. தமிழ்நாடு அரசின் புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு அணையாடைகள் விலையின்றி வழங்கப்படுகின்றன. அடர்நிற விளையாட்டுக் காற்சட்டை ஒன்றை வாங்கிக் கொடுப்பதுகூடப் பெரிய உதவியாகலாம். வலியோ உதிரப்போக்கோ மிகுதியாயின் எங்களிடம் அழைத்து வாருங்கள்.

எப்படிக் கேட்பது?

'ஏன் போகவில்லை?' என்பது விசாரணை போல ஒலிக்கும். அதற்கு மாறாக, நடந்துகொண்டோ வேலை செய்துகொண்டோ இவ்வாறு கேட்டுப் பாருங்கள்:

– விளையாட்டு வகுப்பில் உனக்குப் பிடித்த நிமிடம் எது? பிடிக்காத நிமிடம் எது?
– ஓடும்போது உடம்பில் எங்கே கஷ்டமாக இருக்கிறது?
– யாரோடு இருந்தால் விளையாடத் தோன்றும்?
– ஒரே ஒரு விஷயத்தை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவாய்?

விடை வர நாள்கள் ஆகலாம். வந்த விடையை உடனே மறுக்காதீர்கள். அண்ணனோடும் அடுத்த வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடுவதைத் தவிர்க்கவும். 'நீ வென்றாயா?' என்பதற்குப் பதிலாக 'இன்று யாரோடு விளையாடினாய்?' என்று கேளுங்கள்.

எட்டு வாரப் படிகள்

உடற்காரணங்களுக்குச் சிகிச்சை தொடங்கிய பின், நாங்கள் பரிந்துரைக்கும் படிமுறை இது. ஒரு படி கடினமாயின் அங்கேயே மேலும் ஒரு வாரம் தங்கலாம். பின்வாங்கினாலும் அது தோல்வியன்று.

முதல் இரு வாரங்கள்: நாள்தோறும் 15 நிமிடம், வீட்டார் ஒருவரோடு மட்டும். வேகநடை, சுவரில் பந்தெறிந்து பிடித்தல், கயிறு தாண்டுதல். பார்வையாளர் வேண்டாம். பெரிய மென்பந்தில் தொடங்கிப் படிப்படியாகச் சிறிய பந்துக்கு மாறலாம்.

மூன்றாம், நான்காம் வாரங்கள்: குழந்தை தானே தேர்ந்தெடுக்கும் ஒரு தோழனோ தோழியோ சேரட்டும். 20 முதல் 30 நிமிடம். புள்ளிக்கணக்கு வேண்டாம், 'கீழே விடாமல் எத்தனை முறை பிடித்தோம்' என்று இருவரும் சேர்ந்து எண்ணும் ஆட்டம் நன்று.

ஐந்தாம், ஆறாம் வாரங்கள்: நான்கு ஐந்து பேர் கொண்ட சிறு குழு. விதிகள் எளியவையாக இருக்கட்டும். தொடக்கத்தில் புள்ளி குறிப்பவராகவோ நடுவராகவோ நின்று, ஆட்டத்தைக் கண்டு பழகிய பின் உள்ளே வரலாம்.

ஏழாம், எட்டாம் வாரங்கள்: பள்ளி விளையாட்டு வகுப்பில் முதல் 10 நிமிடம் மட்டும். பின் விலகிக்கொள்ளும் உரிமை குழந்தைக்கு உண்டு என்பதை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். வெளியேற வழியுண்டு என்று அறிந்த குழந்தை உள்ளே வர அஞ்சுவதில்லை.

நம் வெயிலையும் ஆற்றையும் மறக்கலாகாது. கோடைக்காலத்தில் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் ஆடுவது நன்று. இடையிடையே தண்ணீர் தேவை. சிற்றாறு தாமிரபரணியில் கலக்கும் சீவலப்பேரியில் நீச்சல் ஆர்வம் இயல்பாகவே எழும். நீச்சல் நல்ல பயிற்சியே. ஆயினும் நீந்தத் தெரிந்த பெரியவர் கைக்கெட்டும் தொலைவில் இல்லாமல், எக்குழந்தையையும் ஆற்றில் இறங்க விடக்கூடாது. நீர்வரத்து மிகுந்த நாள்களில் பெரியவரோடும் வேண்டாம்.

பள்ளியோடு பேசும்போது

ஆசிரியரைக் குறை கூறுவதற்காகச் செல்லாதீர்கள். குழந்தையைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வதற்காகச் செல்லுங்கள். ஒரே நேரத்தில் பல பிள்ளைகளைக் கவனிக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கு ஒரு பிள்ளையின் இருமல் தெரியாமற்போவது வியப்பன்று.

அணி பிரிப்பதில் நம் முன்னோர் கையாண்ட உத்தி பிரிக்கும் முறையை அவருக்கு நினைவூட்டலாம். ஏறத்தாழ ஒத்த திறனுள்ள பிள்ளைகள் இருவர் இருவராகத் தள்ளிச் சென்று, ஆளுக்கொரு மறைபெயர் வைத்துக்கொள்வர். திரும்பி வந்து, மாம்பழம் வேண்டுமா, பலாப்பழம் வேண்டுமா என்று தலைவரிடம் கேட்பர். தலைவர் தேர்வது பழத்தைத்தான், ஆளையன்று. எவரும் கடைசியில் எஞ்சுவதில்லை. இரு அணிகளும் சமமாகவும் அமைகின்றன. கேலியைத் தடுக்க இதனினும் எளிய வழியை நாங்கள் அறியோம்.

உடனே மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

பின்வருவனவற்றுள் ஒன்றிருந்தாலும், மருத்துவர் பார்க்கும் வரை ஓட்டமும் போட்டியும் வேண்டாம்:

– ஓடும்போதோ ஓடிய உடனேயோ மயங்கி விழுதல்
– உழைப்பின்போது நெஞ்சுவலி, காரணமற்ற படபடப்பு
– உதடு நீலம் பூத்தல்
– குடும்பத்தில் 50 வயதுக்குள் எவரேனும் திடீரென இறந்திருத்தல்
– மூட்டு வீக்கம், தொடர்ந்து நொண்டுதல்
– மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைதல்

இன்ஹேலர் எடுத்த பின்னும் இளைப்பு தணியாமல் பேச இயலாத நிலை ஏற்பட்டால் 108 ஆம்புலன்சை அழைக்கவும்.

நாங்கள் எழுதிக் கொடுத்த கடிதம்

அச்சிறுவனின் தாய் கேட்ட விலக்குச் சான்றிதழை நாங்கள் தரவில்லை. அதற்குப் பதிலாக, பள்ளிக்கு ஒரு பங்கேற்புக் கடிதம் தந்தோம். அதன் வாசகம் இது:

'இம்மாணவர் விளையாட்டு வகுப்பில் பங்கேற்கலாம். தொடக்கத்தில் 10 நிமிடம் மெதுவான பயிற்சி தேவை. ஓட்டத்துக்கு 15 நிமிடம் முன்பு இன்ஹேலர் எடுத்துக்கொள்ள அனுமதிக்கவும். இருமலோ இளைப்போ தோன்றினால் உட்கார வைத்து மீண்டும் இன்ஹேலர் கொடுக்கவும். 10 நிமிடத்தில் தணியாவிடில் பெற்றோருக்குத் தெரிவித்து மருத்துவமனைக்கு அனுப்பவும்.'

நாள்தோறும் எடுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரையும், ஸ்பேசர் வைத்து அதை எடுக்கும் முறையையும் மூவருக்கும் கற்பித்தோம். முதலில் கற்றுக்கொண்டவர் ஆச்சி. ஐப்பசி மழையின்போது இளைப்பு மிகுந்து, இரு வாரங்கள் எல்லாவற்றையும் நிறுத்தினோம். பின் இரண்டாம் படியிலிருந்து மீண்டும் தொடங்கினோம்.

இன்று அவன் கபடி வீரன் அல்லன். ஆவதற்கான விருப்பமும் அவனுக்கு இருப்பதாகத் தெரியவில்லை. சனிக்கிழமைகளில் சிலம்பம் பழகுகிறான். பள்ளி விளையாட்டு வகுப்பில் கோகோ ஆட்டத்தில் அமர்கிறான்; எழுந்து ஓடவும் செய்கிறான். இது போதுமா என்று தந்தை எங்களிடம் கேட்டார். போதும் என்றோம். நாள்தோறும் உடல் அசைகிறது, நெஞ்சு கட்டுவதில்லை, உடன் ஆடத் தோழர் இருவர் இருக்கிறார்கள். ஒரு குழந்தையிடம் விளையாட்டு செய்ய வேண்டிய பணி இதுவே.

நினைவிற்கொள்க

1. விளையாட மறுப்பது அறிகுறி. அடிப்பதற்கு முன்பும் விலக்குப் பெறுவதற்கு முன்பும் காரணம் அறிக.
2. மூச்சு, இரத்தம், கண், காது, மூட்டு ஆகியவற்றைப் பரிசோதிக்க.
3. கேலியும் ஒரு காரணம். குழந்தையிடம் கேட்டு, பொறுமையோடு விடைக்குக் காத்திருக்க.
4. ஒருவரோடு தொடங்கி, இருவர், நால்வர், குழு எனப் படிப்படியாக முன்னேறுக.
5. நோயுள்ள குழந்தைக்கு விலக்குச் சான்றிதழ் கேட்பதற்கு முன், பங்கேற்புக் கடிதம் இயலுமா என்று உங்கள் மருத்துவரைக் கேட்க.
6. குழு விளையாட்டு பிடிக்காவிடினும் குறையில்லை. நாள்தோறும் 60 நிமிட இயக்கம் உண்டா என்பதே கேள்வி.